ஜும்மா நேரத்து ஸ்கிரிப்ட்

ஒரே வேலையை மூன்றாம் முறை செய்யச் சொன்னால் ஜலாலுக்குக் கோபம் வந்துவிடும். "சோம்பேறிப் பய" என்று அத்தா திட்டுவார். கல்யாணமான புதிதில் ருமானாவும் அதையேதான் சொன்னாள், கொஞ்சம் சிரித்துக்கொண்டு. இருவர் சொன்னதிலும் தப்பில்லை. வீட்டில் ஒரு பல்பு போனால் அதை மாற்ற அவனுக்கு ஒரு வாரம் பிடிக்கும். ஆனால் கம்ப்யூட்டர் வேலையில் மட்டும் இந்தச் சோம்பேறித்தனத்துக்குத் திறமை என்று பெயர் வைத்து மாதாமாதம் சம்பளமும் கொடுக்கிறார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் ஜலால் குடும்பம் நடத்தினான். அதனாலேயே ஒரு நல்ல மனிதரையும் இழந்தான்.

காஜிமார் தெருவில் பிறந்து வளர்ந்தவன். கல்லூரி முடித்த கையோடு டவுன்ஹால் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தான். விண்டோஸ் வாங்க மனம் வராத ஓனர் இலவசமாகக் கிடைத்த லினக்ஸைப் போட்டிருந்தார். அங்கேதான் அந்தக் கறுப்புத் திரையை ஜலால் முதன்முதலில் பார்த்தான். படம் கிடையாது, பட்டன் கிடையாது, மவுஸுக்கு வேலையே கிடையாது. ஒரு வரி அடித்து எண்டரைத் தட்டினால் ஒரு வேலை நடக்கும். தப்பாக அடித்தால் மூஞ்சிக்கு நேராக முடியாது என்று சொல்லிவிடும். சொந்தபந்தத்தில் அப்படி நேராகப் பேசுகிற ஆளை அவன் அதுவரை பார்த்ததில்லை. பிடித்துப் போயிற்று.

அதிலும் ஒரு விஷயம் அவனை மயக்கியது. பத்துக் கட்டளைகளை வரிசையாக ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டால் பிறகு அந்த ஃபைலின் பெயரை அடித்தால் போதும், பத்தையும் மெஷினே செய்து முடித்துவிடும். ஸ்கிரிப்ட் என்கிறார்களே, அது இவ்வளவுதான். சோம்பேறிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜலால் இரண்டு தடவை அடித்த எதையும் மூன்றாம் தடவை கையால் அடிக்க மாட்டான். ஸ்கிரிப்டாக எழுதிப் போட்டுவிடுவான்.

பிறகு ரிங் ரோட்டை ஒட்டிய ஒரு கம்பெனியில் சிஸ்டம் அட்மின் வேலை கிடைத்தது. ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பல் டாக்டர்கள், துணிக்கடைக்காரர்கள், சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்கள், இவர்களுடைய சர்வர்களை மதுரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிற கம்பெனி. எங்காவது டிஸ்க் நிறைந்துவிடும், எங்காவது ஏதாவது ஒன்று ஓடாமல் படுத்துவிடும். உடனே டிக்கெட் என்ற பெயரில் ஒரு புகார் வந்து நிற்கும். உள்ளே போய்ப் பார்த்து, பழைய குப்பையை அழித்து, படுத்ததை எழுப்பிவிட்டு, டிக்கெட்டை மூட வேண்டும். மூடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். வீட்டில் பாத்திரம் கழுவுகிற மாதிரி, முடிந்தது என்று ஒருநாளும் எழுந்திருக்க முடியாது.

அவன் சேர்ந்தபோது பக்கத்து சீட்டில் கிளமெண்ட் இருந்தார். வயதில் நன்றாக மூத்தவர், திருப்பரங்குன்றத்துக்காரர். அவருடைய அப்பா ஆசீர்வாதம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்பது கிளமெண்ட் கட்டளை அடிப்பதைப் பார்த்தாலே தெரியும். முதலில் நோட்பேடில் எழுதுவார். அதை உதட்டுக்குள் ஒரு தடவை வாசிப்பார், ஜெபமாலை சொல்கிற மாதிரி. பிறகுதான் கறுப்புத் திரையில் கொண்டுபோய் ஒட்டுவார். ஒட்டிய பிறகும் எண்டருக்கு மேலே விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசிப்பார். ஜலால் மூன்று டிக்கெட் முடிக்கிற நேரத்தில் அவர் ஒன்று முடிப்பார். அதற்காக அவர் வேலையில் தப்பே வராது என்று நினைத்துவிட வேண்டாம். எல்லோருக்கும் வருகிற அளவு அவருக்கும் வந்தது, நிதானமாக வந்தது.

"இந்த இங்கிலீஷ் சுருக்கமெல்லாம் எனக்கு மண்டையில நிக்க மாட்டேங்குது மாப்ள" என்று ஒருநாள் புலம்பினார்.

ஜலால் அவர் மெஷினில் உட்கார்ந்து, நீளமான கட்டளைகளுக்கெல்லாம் தமிழில் சின்னப் பெயர்கள் வைத்துக் கொடுத்தான். 'பாரு' என்று அடித்தால் எல்லா டிஸ்க்கும் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று வரிசையாக வரும். 'எழுப்பு' என்று அடித்தால் படுத்துக் கிடக்கும் சர்வீஸ் எழுந்துகொள்ளும். போன வாரம் அடித்த கட்டளையை மறுபடி அடிக்க வேண்டியதில்லை, கண்ட்ரோல் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கி இரண்டு எழுத்து அடித்தால் அதுவே தேடிக் கொடுக்கும் என்றும் காட்டினான். கிளமெண்டுக்கு வாயெல்லாம் பல். "இம்புட்டு நாளு இது தெரியாமலாடா கஷ்டப்பட்டேன்?" என்று கேண்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய் வடை வாங்கிக் கொடுத்தார். அன்றையிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை, மேலே யாரிடமும் கேட்டதுமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு ஜலால் பள்ளிவாசலுக்குப் போய் வரும்வரை கிளமெண்ட் அவன் சீட்டில் உட்கார்ந்து அவனுடைய டிக்கெட்டையும் சேர்த்துப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை டூட்டி விழுந்தால் கிளமெண்ட் பூசைக்குப் போய்விட்டு வரும்வரை ஜலால் அவர் சீட்டைப் பார்த்துக்கொள்வான். சீட்டை விட்டு எழுந்தால் திரையைப் பூட்ட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். வெள்ளிக்கிழமை மட்டும் ஜலால் பூட்ட மாட்டான். "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து போவான். "எனக்கும் சேத்து துவா கேளு மாப்ள" என்றபடி கிளமெண்ட் டிபன் பாக்ஸோடு வந்து உட்காருவார்.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு சீட்டுக்கும் ஒரே நேரத்தில் டிக்கெட் வந்து குவிந்தது. கிளமெண்ட் தன்னுடையதை முடித்துவிட்டு நிமிர்வதற்குள் ஜலாலுடைய சர்வர் ஒன்றில் டிஸ்க் நிறைந்து, ஒரு பல் ஆஸ்பத்திரியில் யாருக்கு எப்போது சிகிச்சை என்பதே தெரியாமல் போய்விட்டது. ஜலால் திரும்பி வந்தபோது விசாரணையே முடிந்திருந்தது. மேனேஜர் பவதாரிணி கேட்டதற்கு, "நான்தான் மேடம் கவனிக்கல" என்று கிளமெண்ட் சொல்லியிருந்தார். அவர் பெயரில் ஒரு வார்னிங் பதிவாயிற்று.

"என் பேரச் சொல்ல வேண்டியதுதானண்ணே?" ஜலாலுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சொன்னா, தொழுகைக்குப் போனான், அதனால போச்சும்பாங்க. அப்புறம் நீ ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் பெர்மிஷன் கேட்டு நிக்கணும். எனக்கு ஒரு வார்னிங்தான, விடு."

அந்த வாரம் முழுக்க ஜலால் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். டிக்கெட் வந்தால் அதுவே வாசிக்கும். எந்த சர்வர் என்று பார்த்து உள்ளே போகும். டிஸ்க் நிறைந்திருந்தால், மெஷின் தானாக எழுதிச் சேர்த்து வைத்த பழைய லாக் ஃபைல்களை அழிக்கும், ஏதாவது படுத்திருந்தால் எழுப்பும், எழுந்துவிட்டதா என்று ஒரு தடவை தட்டிப் பார்க்கும், பிறகு டிக்கெட்டை மூடும். தனக்குப் புரியாததை மட்டும் தொடாமல் விட்டுவிடும். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் தானாக ஓடும்படி நேரம் குறித்து வைத்தான். ஃபைலுக்கு ஜும்மா என்று பெயர் வைத்தான். தன்னால் அந்த மனிதருக்கு இன்னொரு வார்னிங் வரக்கூடாது, அவனுக்கு இருந்த எண்ணம் அது ஒன்றுதான்.

"இனிமே வெள்ளிக்கெழம நீங்க என் சீட்டப் பாக்க வேணாம்ணே" என்றான்.

கிளமெண்ட் சந்தோஷப்பட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததும் வழக்கம்போல டிபன் பாக்ஸோடு அவன் சீட்டுக்கே வந்துவிட்டார். "உன் சீட்லதான் ஏசி காத்து நல்லா வருது" என்றார். மெஷின் தானாக வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே தயிர்சாதம் சாப்பிட்டார். ஜலாலும் பழைய மாதிரியே திரையைப் பூட்டாமல் போனான்.

இப்படியே போயிருந்தால் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் கம்பெனிகளுக்கு கிராஃப் என்று ஒரு வியாதி உண்டு. மாதாந்திர மீட்டிங்கில் பவதாரிணி ஒரு கிராஃபைப் பெரிய திரையில் போட்டாள். "வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் டிக்கெட் எல்லாம் நிமிஷத்துல முடியுது. மத்த நேரத்துல ஏன் முடியல? அந்த நேரத்துல அப்படி என்ன நடக்குது?" என்று கேட்டாள். குற்றம் கண்டுபிடிக்கிற குரல் இல்லை, ஆசையாகத்தான் கேட்டாள்.

ஜலால் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவனுக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் அவனை மீட்டிங்கில் எழுந்து நிற்கச் சொன்னதில்லை. லேப்டாப்பை இழுத்து, ஜும்மா ஸ்கிரிப்டைப் பெரிய திரையில் திறந்து, ஒவ்வொரு வரியாக விளக்கினான். இந்த வரி டிக்கெட்டை வாசிக்கிறது, இந்த வரி அழிக்கிறது, இந்த வரி சரிபார்க்கிறது. கேட்டவர்கள் கண்ணை விரித்தார்கள். முதலில் கைதட்டியது கிளமெண்ட்தான். "நம்ம பய மேடம்" என்று பெருமையாக வேறு சொன்னார்.

பவதாரிணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இது எல்லா நாளும் ஓடுமா?"

"ஓடும் மேடம். நேரத்தை மாத்தினாப் போதும்" என்றான் ஜலால். அவன் வாயாலேயே சொன்னான்.

ஸ்கிரிப்ட் எல்லா நாளும் ஓட ஆரம்பித்தது. ஜலாலுக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் கண்ணாடியில் செய்த கேடயமும் கொடுத்தார்கள். டிக்கெட்டுகள் வந்த வேகத்தில் மூடிக்கொண்டன. ஸ்கிரிப்ட் விட்டுவைத்த கொஞ்சநஞ்சத்தை ஜலால் காபி குடிக்கிற நேரத்தில் முடித்துவிடுவான். கிளமெண்டுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபடி இருப்பார். "சும்மா உக்காந்திருக்கிறது எம்புட்டு கஷ்டம்னு இப்பத்தான் தெரியுது" என்று ஒருநாள் சொன்னார். ஜலால் அதைக் கேட்டுச் சிரித்தான். பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைத்து அவன் பட்ட அவமானம் கொஞ்சமல்ல.

ஒரு செவ்வாய்க்கிழமை பவதாரிணி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"சில பேரோட வேலை போகுது ஜலால். கிளமெண்ட் சாரும் அதுல இருக்கார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சென்னையிலேர்ந்து ஹெச்.ஆர். வந்து சொல்றாங்க. அவங்க சொல்ற நேரத்துல போறவங்களோட லாகின் எல்லாம் ஒண்ணா மூடணும். யாராவது கோபத்துல எதையாவது அழிச்சிட்டா கிளையண்ட்டுக்கு யார் பதில் சொல்றது? அதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிருங்க."

"மேடம், அவரு பொண்ணுக்கு இந்த ஞாயித்துக்கிழமை நிச்சயம்" என்று மட்டும் சொன்னான்.

"தெரியும். எனக்கும் சொல்லியிருக்கார்." பவதாரிணி மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது. போச்சுன்னா உங்க வேலைக்கும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

வீட்டுக்கு வந்து ருமானாவிடம் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நிச்சயத்துக்கு முன்னாடி சொல்லிருங்க. மாப்பிள வீட்டுல அவுங்களா பேசிக்கிருவாங்க. அதுக்கப்பறம் தெரிஞ்சா மறைச்சதா ஆயிரும்."

"என் வேலையும் போயிரும்டி."

"போனாப் போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். பிள்ளைய வச்சிருக்கோம். ஆனா சொல்லலைன்னா அங்க போயி ஒரு வாய் சோறு திங்காதீங்க. அம்புட்டுதான்."

சனிக்கிழமை சாயங்காலம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ஜலால் திருப்பரங்குன்றத்துக்கு வண்டியை விட்டான். கிளமெண்ட் வீட்டு வாசலில் ஏணிமேல் நின்று சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார். அவன் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"சம்பந்தி வீட்ல ஒண்ணும் கேக்கல மாப்ள" என்று மேலேயிருந்தபடியே கிளமெண்ட் பேசினார். "பொண்ணோட அப்பா நல்ல கம்பெனியில இருக்காரு, குடும்பம் நல்ல குடும்பம், அது போதும்னுட்டாங்க. பையன் ஆன்சன் தங்கமான பய. ஐரின் கொடுத்து வச்சவ."

இப்போது சொல்லிவிடலாம் என்று ஜலால் வாயைத் திறந்தான். ஏணி ஆடுகிற மாதிரி இருந்தது. விழுந்துவிடப் போகிறார், இறங்கட்டும் என்று தனக்குத்தானே சாக்குச் சொன்னான். இறங்கியதும் கிளமெண்டின் மனைவி பாக்கியம் காபியோடு வந்து, "தம்பி, ருமானாவயும் பிள்ளையையும் நாளைக்குக் காலையிலேயே கூட்டிட்டு வந்துருங்க" என்றாள். சரி மதினி என்றான். பிறகு ஐரின் ஓடி வந்தாள். "சித்தப்பா, இந்த ஸ்பீக்கர் போன்ல சேர மாட்டேங்குது." அப்பாடா என்று அவன் ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். சீக்கிரமே சரியாகிவிட்டது. சரியான பிறகும் அதை வைத்து நோண்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் கிளம்பிவிட்டான்.

மறுநாள் நிச்சயத்துக்கு ருமானா தலைவலி என்று வரவில்லை. மகனோடு ஜலால் போனான். "உனக்காகத்தான் மட்டனை முனிச்சாலை பாய் கடையில எடுத்தேன், நல்லா சாப்பிடு" என்று கிளமெண்ட் தானே வந்து அவன் இலையில் கறியை அள்ளி வைத்தார். ஜலால் சாப்பிட்டான். பெரிய துரோகிகள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை, பரிமாறினால் சாப்பிடுகிறார்கள், ரசம் கேட்டு வாங்குகிறார்கள்.

அந்த வாரம் லாகின் மூடும் ஸ்கிரிப்டை எழுதினான். சின்னதுதான். ஒவ்வொரு பெயராக எடுத்து மூட வேண்டும், அவ்வளவே. ஆனால் எதையும் அழிக்கிற, மூடுகிற ஸ்கிரிப்ட் எழுதினால் அதில் ஒரு கேள்வி வைப்பது ஜலாலின் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஃபைல்களை ஒரே தட்டில் அழித்துவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவன் அவன். அதனால் இதிலும் கை தன்னால் எழுதிவிட்டது. மூடப்போகிற ஆள் அந்த நேரத்தில் லாகின் செய்து வேலையில் இருந்தால், ஸ்கிரிப்ட் நின்று கேட்கும்: இன்னார் வேலையில் இருக்கிறார், மூடவா? ஆமாம் என்பதற்கு ஒய் என்ற எழுத்தை அடித்தால் மூடும். அந்தக் கேள்வி வரப்போவதில்லை என்றுதான் ஜலால் நினைத்தான். ஜும்மா நேரத்துக்கு முன்பே ஹெச்.ஆர். அவர்களைக் கூப்பிட்டுவிடுவார், கூப்பிட்டால் லாகினை மூடிவிட்டு எழுந்துதான் போவார்கள் என்பது அவன் கணக்கு.

வெள்ளிக்கிழமை, குறித்த நேரம் வரும்வரை காத்திருந்து பிறகு ஓடும்படி ஸ்கிரிப்டைத் திரையில் விட்டான். அந்த நேரத்தில் அங்கே இருக்க அவனுக்குத் தெம்பில்லை. கூப்பிடுகிற நேரம் கடந்திருந்தது, கிளமெண்ட் இன்னும் பக்கத்து சீட்டில்தான் இருந்தார். இப்போது கூப்பிட்டுவிடுவார்கள், இப்போது கூப்பிட்டுவிடுவார்கள் என்று பார்த்துப் பார்த்து, பாங்கு நேரம் நெருங்கிவிடவே எழுந்தான். "வாரேண்ணே" என்றான். அவனுக்குத் திரையைப் பூட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. வெள்ளிக்கிழமையில் அவன் எப்போது பூட்டியிருக்கிறான்?

ஹெச்.ஆர். வரத் தாமதமானது எதனால் என்று பிறகு தெரிந்தது. மதுரைக்கு வந்தவர் கறிச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போவாரா? டவுனில் ஒரு கடையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார், நாலைந்து பேர் பிழைப்பைப் பறிக்க.

பள்ளிவாசலில் ஜலால் எல்லோரோடும் குனிந்தான், எழுந்தான். என்ன ஓதினான் என்று தெரியாது. தொழுகை முடிந்தும் எழுந்திருக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கூட்டமெல்லாம் போய், ஒருவர் வந்து ஃபேனை அணைத்த பிறகுதான் வெளியே வந்தான்.

ஆபீசில் பக்கத்து சீட் காலியாக இருந்தது. பை இல்லை, திரை அணைந்திருந்தது. தன் சீட்டுக்கு வந்து திரையைப் பார்த்தான். பட்டியலில் முதலில் இருந்தவர்கள் லாகினை மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருந்ததால் அவர்கள் பெயர்கள் தாமாகவே மூடியிருந்தன. அதற்குக் கீழே ஸ்கிரிப்ட் நின்று கேட்டிருந்தது: கிளமெண்ட் வேலையில் இருக்கிறார், மூடவா? அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒய் என்ற எழுத்து இருந்தது. அதற்கும் கீழே, மூடியாயிற்று என்று இருந்தது.

அவன் அடிக்கவில்லை. அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் உட்காருகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

"ஹெச்.ஆர். கூப்பிடறதுக்கு முன்னாடியே அவரு பையைக் கட்டி வச்சிட்டாருண்ணே" என்றான் எதிர் சீட்டு சுருளி. "கூப்பிட்டதும் போனாரு, கையெழுத்துப் போட்டாரு, எல்லாருக்கும் வாரேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. உங்களத்தான் காணோம்."

போன் போட ஜலாலுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. ருமானா அவனோடு தேவைக்கு மட்டும் பேசினாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருப்பரங்குன்றத்துக்குப் போனான். பாக்கியம் கதவைத் திறந்தாள், "அவுக உள்ள இருக்காக" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். காபி வரவில்லை.

கிளமெண்ட் நாற்காலியைக் காட்டினார். முகத்தில் கோபம் இல்லை. மெலிந்திருந்தார். ஜலாலால் உட்கார முடியவில்லை.

"ஏண்ணே அடிச்சீங்க?" என்றான். "வேணாம்னு அடிச்சிருக்கலாம்ல? ஸ்கிரிப்ட் நின்னுருக்கும்ல?"

"நின்னுட்டு? நீ தொழுதுட்டு வந்து உன் கையால அடிச்சிருப்ப. அது எதுக்கு மாப்ள உனக்கு?"

ஜலால் அழுதுவிட்டான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். மன்னித்துவிட்டார் என்று நினைத்தான்.

"வேல போனது பெரிசில்ல" என்றார் பிறகு. "உன் ஸ்கிரிப்ட் இல்லைன்னா இன்னொருத்தன் ஸ்கிரிப்ட் வந்திருக்கும். அதுக்கு உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. ஆனா சம்பந்தி வந்து கேட்டாரு. நிச்சயத்தன்னிக்கே உங்களுக்குத் தெரியாதான்னாரு. சத்தியமாத் தெரியாதுன்னேன். உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குமா தெரியாது, கூடவே ஒட்டிக்கிட்டு ஒரு பாய் இருந்தாரே, அவரு சொல்லலையான்னு கேட்டாரு. அதுக்கு நான் என்ன சொல்ல?"

ஜலால் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன சொன்னேன் தெரியுமா? அவனுக்கும் தெரியாது, தெரிஞ்சா எங்கிட்ட சொல்லாம இருக்க மாட்டான்னு சொன்னேன். மாதா சுரூபத்துக்கு முன்னால நின்னு சொன்னேன். ஐரின் கேட்டுக்கிட்டு நின்னா. அவளுக்குத் தெரியும், உன் திரையில நான் பாத்தத வந்து அவகிட்டத்தான் மொதல்ல சொன்னேன். எம்புள்ள முன்னாடி நான் பொய் சொன்னேன்." கிளமெண்டின் குரல் அப்போதும் ஏறவில்லை. "சம்பந்தி நம்பலை. கல்யாணத்தத் தள்ளி வச்சிருக்காங்க. நிறுத்திருவாங்களோன்னு பாக்கியம் ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. சரியான ஸ்பீக்கரப் போட்டு அன்னிக்கு நீ ஏன் நோண்டிக்கிட்டே இருந்தன்னு பின்னாடிதான் எனக்குப் புரிஞ்சுது. சனிக்கெழம நீ ஏணியப் பிடிச்சுக்கிட்டு நின்னேல்ல, அப்பச் சொல்லியிருந்தா நானே போயி அவருகிட்ட சொல்லியிருப்பேன். தலையை நிமித்திச் சொல்லியிருப்பேன்."

வேலை, பிள்ளை, பயம் என்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் அந்த அறையில் சொல்லக்கூடியதாக இல்லை. "போறேண்ணே" என்றான். கிளமெண்ட் கேட் வரைக்கும் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

கல்யாணம் நிற்கவில்லை. ஆன்சன் நல்ல பையன், கட்டினால் ஐரினைத்தான் கட்டுவேன் என்று அப்பாவிடம் பிடிவாதமாக நின்றுவிட்டானாம். இதைச் சுருளி சொல்லித்தான் ஜலால் தெரிந்துகொண்டான். தை பிறந்த பிறகு ஒருநாள் அவன் போனுக்குப் பத்திரிகை வந்தது. ஊரில் எல்லோருக்கும் ஒரே தட்டில் அனுப்புகிற மாதிரி அனுப்பியிருந்தது. கீழே 'அனைவரும் வருக' என்று இருந்தது, அவன் பெயர் இல்லை. சுருளிக்கு மட்டும் வீட்டுக்கே வந்து, தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"போகாதீங்க" என்றாள் ருமானா.

அவன் போனான். மண்டப வாசலில் பட்டு வேட்டியும் சட்டையுமாக கிளமெண்ட் நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். கொட்டாம்பட்டிப் பக்கம் ஏதோ மில்லில் கணக்கு பார்க்கிற வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தான். வரிசையில் நின்று முன்னால் போனான். தன்னைப் பார்த்ததும் முகம் சுருங்கும், இல்லாவிட்டால் பிடித்து ஒரு திட்டுத் திட்டுவார் என்று நினைத்தான். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், காலில்கூட விழலாம் என்றுதான் வந்திருந்தான்.

கிளமெண்ட் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிரித்தார். "வாங்க, வாங்க. இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். பிறகு அவனுக்குப் பின்னால் நின்றவரின் கையைப் பிடித்து அதே சிரிப்போடு அதையே சொன்னார்.